வெட்டிவேர் நாற்று: கட்டு, பை, நார்ப்பட்டை, விதை – எதை வாங்கலாம், எதை விடலாம்

கரை சரிகிறது, வரப்பு கரைகிறது, மண் அள்ளிய பள்ளத்தின் ஓரம் ஒவ்வொரு மழைக்கும் ஒரு முழம் உள்ளே போகிறது என்று யாராவது சொன்னால், இப்போதெல்லாம் முதலில் வரும் பதில் ‘வெட்டிவேர் வை’ என்பதுதான். பதில் தப்பில்லை. நம் ஆற்றுப்படுகைகளிலும் சதுப்பு ஓரங்களிலும் தானாகவே வளர்ந்த பல்லாண்டுப் புல் அது. கர்நாடகத்தின் குண்டுலுப்பேட்டைப் பக்கம் உழவர்கள் தலைமுறை தலைமுறையாக வயல் எல்லையில் அதை வரிசையாக வைத்திருந்தார்கள். 1980களில் உலக வங்கியின் வேளாண்மைப் பிரிவில் இந்தியாவில் பணியாற்றிய ஜான் கிரீன்ஃபீல்டும் ரிச்சர்ட் கிரிம்ஷாவும் இதை மண்ணரிப்புத் தடுப்பு முறையாகப் பல நாடுகளுக்குக் கொண்டுசென்றார்கள். புல்லின் தகுதியில் சந்தேகம் இல்லை. கேள்வி, நர்சரியிலும் இணையக் கடையிலும் ‘வெட்டிவேர்’ என்ற பெயரில் நம் கைக்கு வரும் பொருளின் தகுதி பற்றியது.

விற்பனைக்கு வருவது நான்கு வடிவம்: வேர் அறுத்த நாற்றுக்கட்டு, பிளாஸ்டிக் பையில் வேர்விட்ட கன்று, தென்னைநார்ப் பட்டையில் வரிசையாக வளர்த்த நாற்று, விதைப் பொட்டலம். கடைசியை முதலிலேயே தள்ளிவிடுவோம். தென்னிந்தியாவில் வேருக்காகவும் கரைக்காகவும் பயிரிடும் வகை பூத்தாலும் முளைக்கும் விதை வைப்பதில்லை. அதனால்தான் நட்ட இடத்தைவிட்டு வயலுக்குள் களையாகப் பரவாமல் நிற்கிறது. வடஇந்தியாவில் காட்டு வகை ஒன்று உண்டு. அது பூத்து விதைத்துப் பரவும், வேரும் அந்த அளவு இறங்காது. ஆக, பொட்டலத்தில் இருப்பது ஒன்று வேறு புல்லின் விதை, இல்லையென்றால் வரப்பில் வைக்கக்கூடாத வகை. ‘ஐந்நூறு விதை, நிச்சய முளைப்பு’ என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தையே மூடிவிடலாம்.

நாற்றுக்கட்டு

சந்தையில் அதிகம் புழங்குவதும் விலை குறைந்ததும் இதுதான். குத்தை, அதாவது ஒரே அடியிலிருந்து கிளைத்த தண்டுக் கூட்டத்தைத் தோண்டி, சிம்பு சிம்பாக, அதாவது தனித்தனித் தண்டாகப் பிரித்து, இலையை ஒரு சாண் உயரத்துக்கு வெட்டி, வேரை ஐந்து முதல் பத்து சென்டிமீட்டருக்குக் கத்தரித்து, நூறு நூறாகக் கட்டிக் கொடுப்பார்கள். சரியாகச் செய்த கட்டு வரப்புக்கும் வாய்க்கால் ஓரத்துக்கும் தாராளமாகப் போதும்.

சிக்கல் அது எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. வெட்டிவேருக்கு வாசனைச் சந்தை உண்டு. கடலூர்க் கடற்கரை மணலைப் போன்ற இடங்களில் வேருக்காகவே பயிரிட்டு, ஓராண்டு வாக்கில் தோண்டி எடுக்கிறார்கள். வேர் போனபின் மிஞ்சும் தலைப்பகுதி நாற்றாக விற்பனைக்கு வரும். இதில் குறை ஒன்றும் இல்லை, வெட்டியவர் கை சரியாக இருந்தால். வேர் எடைக்கு விலை என்பதால் கத்தி மேலே மேலே ஏறும். தூரின் அடியை ஒட்டி வெட்டிவிட்டால், புது வேர் கிளம்பும் கணுக்களும் வேரோடு போய்விடும். இலை பச்சையாக இருக்கும், நட்டால் பத்து நாள் பச்சையாகவே நிற்கும், பிறகு வைக்கோலாகும். வாங்கும்போது அடியைத் திருப்பிப் பாருங்கள். தூரின் அடியில் கட்டியான பகுதியும் அதில் ஒட்டிய வேர்த்துண்டுகளும் இருக்க வேண்டும். மழுங்க வெட்டிய தட்டையான அடி என்றால் அந்தக் கட்டு வேண்டாம்.

இரண்டாவது சோதனை ஈரம். கட்டின் நடுவிலிருந்து நான்கைந்து சிம்பை உருவி அடியை நகத்தால் கீறினால் உள்ளே வெண்மையாக, ஈரமாக இருக்க வேண்டும். பழுப்பேறியது, உள்ளே கூடானது, பிழிந்தால் நசுங்குவது எல்லாம் செத்தவை. மேலாக இருக்கும் சிம்பை மட்டும் பார்த்து முடிவுசெய்யக்கூடாது. விற்பவர் தண்ணீர் தெளிப்பது அங்கேதான். பிளாஸ்டிக் சாக்கில் வாய் கட்டி அனுப்பியிருந்தால் உள்ளே சூடேறிப் புளித்திருக்கும், சாக்கைத் திறந்ததும் மூக்குக்குத் தெரியும். ஈரச் சணல் சாக்கு நல்ல அறிகுறி.

மூன்றாவது, வயது. பூத்தண்டு விட்ட கிழட்டுச் சிம்பில் தண்டு உருண்டையாக, மரம்போல இருக்கும். அதிலிருந்து புதுக் கிளைப்பு வருவது அரிது. விரலைவிட மெலிந்த பச்சைக் குழந்தைச் சிம்பும் வெயில் தாங்காது. அடி தட்டையாக, விசிறி மடித்ததுபோல இலையுறைகள் ஒன்றையொன்று தழுவியிருக்கும் நடுவயது சிம்புதான் தேவை. ஒரு கட்டில் பத்துக்கு எட்டு இப்படி இருந்தால் எடுக்கலாம்.

ஆள்மாறாட்டமும் நடக்கிறது, பெரும்பாலும் வேண்டுமென்றே இல்லை. எலுமிச்சைப்புல்லை வெட்டிவேர் என்று கொடுத்துவிடுகிறார்கள். இலையைக் கசக்கினால் போதும். எலுமிச்சை வாசம் அடித்தால் எலுமிச்சைப்புல். வெட்டிவேரின் இலையில் வாசம் இல்லை, வேரில்தான். இன்னொரு குழப்பம் பெயரால் வருவது: விலாமிச்சை என்ற மூலிகையின் வேரும் மணக்கும், பெயரும் வெட்டிவேரின் இன்னொரு பெயரான இலாமிச்சைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அது புல்லே இல்லை, துளசிக் குடும்பத்துச் செடி. கரைக்கு அதனால் பயனில்லை.

பைக்கன்று

விலை கூடும், வண்டி வாடகை அதைவிடக் கூடும். சிறிய பை ஒன்று மண்ணோடு அரைக்கிலோ என்று வைத்தால், நூறு மீட்டர் வரிசைக்கு வேண்டிய எழுநூறு பை 350 கிலோ. அதே நீளத்துக்கான கட்டு நாற்று சில சாக்குகளில் அடங்கிவிடும். இருந்தும் சில இடங்களில் பைக்கன்றுதான் சரி: தண்ணீர் ஏறி இறங்கும் குளக்கரை, சரிவு அதிகமான புதுக் கரை, மேல்மண் போய் கிரவல் தெரியும் இடம், நட்டபின் தினமும் ஊற்ற ஆள் இல்லாத இடம். கட்டு நாற்று புது வேர் விட்டு மண்ணைப் பிடிக்க இரண்டு மூன்று வாரம் எடுக்கும். அதற்குள் ஒரு கனமழை வந்தால் வரிசையோடு அடித்துக்கொண்டு போகும். பைக்கன்று நட்ட அன்றே பிடிமானத்தோடு நிற்கும்.

வாங்கும்போது இரண்டு தவறு கண்ணில் படும். ஒன்று, முந்தாநாள் கட்டு நாற்றைப் பையில் செருகி ‘வேர்விட்ட கன்று’ என்று விற்பது. பையின் அடித்துளையில் வெள்ளை வேர்முனை தெரிகிறதா என்று பாருங்கள். மெதுவாக மேலே இழுத்தால் மண்கட்டியோடு வர வேண்டும், சிம்பு மட்டும் உருவி வந்தால் அது கட்டு நாற்றுதான், விலைதான் வேறு. மற்றொன்று எதிர்த்திசைத் தவறு. விற்காமல் கிடந்த பைகளில் வேர் சுற்றிச் சுற்றிப் பாய் முடைந்திருக்கும். அப்படியே நட்டால் வேர் கீழே போகாமல் அந்தச் சுருளுக்குள்ளேயே கிடக்கும். அடிப்பாயை ஒரு விரற்கடை வெட்டி எறிந்துவிட்டு நடலாம், கன்று தாங்கும்.

நடும்போது பையைக் கிழித்து எடுத்துவிட வேண்டும். ‘அடியை மட்டும் கீறினால் போதும்’ என்று கூலி வேலையில் சொல்வார்கள். போதாது. பக்கவேர் பைக்குள்ளேயே அடைபட்டு, வரிசை ஒன்றோடொன்று பின்னாமல் தனித்தனிக் குத்தாக நின்றுவிடும்.

நார்ப்பட்டை நாற்று பற்றி அதிகம் சொல்ல இல்லை. தென்னைநார்ப் பட்டையிலோ நீளமான தட்டிலோ இடைவெளி பிசகாமல் வளர்த்து, அப்படியே நடவுக்குப் பறித்த வாய்க்காலில் இறக்குவது. வேலை வேகமாக முடியும், இடைவெளித் தவறு நடக்காது. ஆனால் முன்கூட்டியே சொல்லி வளர்க்கச் சொன்னால்தான் கிடைக்கும். சாலைச் சரிவு, பாலத்தின் ஓரம் போன்ற அவசர வேலைக்குக் கொடுக்கும் காசுக்குத் தகும். வயல் வரப்புக்கு ஆடம்பரம்.

எத்தனை வேண்டும்

பலரும் ஏமாறுவது தரத்தில் அல்ல, எண்ணிக்கையில். விற்பவர் ‘அடிக்கு ஒன்று போதும், பரவிக்கொள்ளும்’ என்பார். பரவாது. வெட்டிவேர் அருகம்புல்போல ஓடுதண்டு விட்டுப் படர்வதில்லை. இருந்த இடத்தில் குத்துக் கட்டிப் பெருக்கும். குத்துக்கும் குத்துக்கும் ஒரு அடி விட்டால் நடுவில் வாசல் திறந்துவைத்ததுபோல. தண்ணீர் அந்த வாசலைத் தேடி வந்து, இரண்டு குத்துக்கும் நடுவில் வேகமெடுத்து, முன்பைவிட ஆழமாகப் பறிக்கும். பாதி வேலி, வேலி இல்லாததைவிடக் கெடுதல் செய்யும் இடம் இது.

குத்துக்குக் குத்து 10 முதல் 15 சென்டிமீட்டர். கட்டு நாற்று என்றால் குத்துக்கு இரண்டு மூன்று சிம்பு. நூறு மீட்டருக்கு, 15 சென்டிமீட்டர் இடைவெளியில், 667 குத்து. மூன்று சிம்பு வீதம் 2000. பாடுவாசிக்கு, அதாவது செத்த நாற்றின் இடத்தை நிரப்ப, இன்னும் முந்நூறு சேர்த்து 2300 என்று கேட்டு வாங்குங்கள். ஒற்றைச் சிம்பு வைத்து மிச்சம் பிடிப்பவர்கள், அந்த மிச்சத்தைப் பாடுவாசி நடவின் கூலியில் விடுவார்கள். விலையை ஒப்பிடும்போதும் நாற்றுக்கு எவ்வளவு என்று கேட்காமல், பிழைத்து நிற்கும் ஒரு மீட்டருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் மலிவான கட்டு பல சமயம் மலிவாக இருக்காது.

சரிவில் எத்தனை வரிசை என்பதற்குக் கண்ணளவு உதவாது. நிலம் ஒரு மீட்டர் இறங்கும் இடத்துக்கு ஒரு வரிசை என்று தொடங்கலாம். 5 சதச் சரிவில் அது 20 மீட்டருக்கு ஒன்று, 10 சதத்தில் 10 மீட்டருக்கு ஒன்று. புதுக் கரை, நொய்ந்த மண் என்றால் இன்னும் நெருக்கம். வரிசை சமமட்டத்தில் ஓட வேண்டும், நேர்கோட்டில் அல்ல. கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் மட்டமே போதும்: ஐந்து மீட்டருக்கு ஒரு முளை அடித்து, முளைகளை இணைத்துக் கோடு கீறினால் ஆயிற்று. வரிசை ஓரிடத்தில் தாழ்ந்துவிட்டால் மேட்டுத் தண்ணீர் முழுதும் அங்கே கூடி, அந்த மூன்று குத்தைப் பெயர்த்துக்கொண்டு போகும்.

நடவு

வடகிழக்குப் பருவமழையை நம்பும் மாவட்டங்களில் ஆவணியில் நட்டுவிட வேண்டும். ஐப்பசி அடைமழைக்கு முன் ஆறு வாரமாவது வேர் இறங்க அவகாசம் வேண்டும். மழை தொடங்கியபின் நடுவது எளிது, மண் இளகியிருக்கும், தண்ணீர் ஊற்ற வேண்டாம். கரைச் சரிவில் அந்தச் சோம்பல்தான் நாற்றைத் தின்னும். சமதரை வரப்பில் மட்டும் மழையோடு நடலாம்.

நாற்று வந்த அன்றே நட முடியாவிட்டால் நிழலில், ஐந்து சென்டிமீட்டர் தண்ணீரில் அடி மூழ்க நிறுத்தி வையுங்கள். நான்கைந்து நாளில் வெள்ளை வேர்முனை தலைகாட்டும். உண்மையில் இப்படி வேர் கிளம்பவைத்து நடுவதுதான் நல்லது, இதில் செத்தது எது என்றும் தெரிந்துவிடும். தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றாவிட்டால் அழுகல் வாடை வரும்.

கோட்டின்மேல் 15 சென்டிமீட்டர் ஆழ, அகலத்தில் வாய்க்கால் பறித்து, மட்கிய தொழுவுரம் போட்டு, நாற்றின் அடியைச் சாணிப்பாலில் தோய்த்து வையுங்கள். தூர் மண்மட்டத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். மேலே தெரிந்தால் காயும். ஒரு சாண் ஆழத்தில் புதைந்தால் களிமண்ணில் அழுகும். வேர் மேல்நோக்கி மடங்கக்கூடாது. சுற்றிலும் குதிகாலால் மிதித்து இறுக்குங்கள். இலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தால் இலை அறுபட வேண்டுமே தவிர நாற்று பெயரக்கூடாது. இந்த ஒரு சோதனையை நட்டவர் முன்னாலேயே நாலு இடத்தில் செய்தால் மீதி வரிசை தானாக ஒழுங்காகிவிடும்.

முதல் இரண்டு வாரம் மழை இல்லாத நாளெல்லாம் தண்ணீர், பிறகு வாரம் இருமுறை என்று இரண்டு மாதம். ‘வறட்சி தாங்கும்’ என்ற விளம்பர வரி வேர் இறங்கிய குத்துக்கு உரியது, பதினைந்து நாள் நாற்றுக்கு அல்ல. நான்காவது வாரம் வரிசை முழுக்க நடந்து செத்த இடத்தில் பாடுவாசி போடுங்கள். மூன்றாவது மாதம் போட்டால் பக்கத்துக் குத்தின் நிழலில் புது நாற்று எழும்பாது. நான்கைந்து மாதத்தில் முழங்கால் உயரத்துக்கு, ஏறத்தாழ 40 சென்டிமீட்டருக்கு, ஒருமுறை அறுத்தால் சிம்பு வெடித்து வரிசை அடைபடும். அறுத்த இலையை மேட்டுப்பக்கம் மூடாக்காகப் போடலாம்.

நிழல்தான் இதற்குப் பெரிய எதிரி. வேலிக்கருவேல், ஆமணக்கு எது மேலே கவிந்தாலும் குத்து மெலியும். முதல் மூன்று மாதம் களை எடுப்பதைக் கைவிட்டவர்கள்தான் பிறகு ‘எங்கள் மண்ணுக்கு வரவில்லை’ என்பவர்கள். களைக்கொல்லி அடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது: கிளைபோசேட் மேலே பட்டால் இதுவும் போய்விடும், இதுவும் புல்தானே. ஆடுமாடு முதிர்ந்த இலையைச் சீண்டாது; இளந்தளிரை நன்றாகவே தின்னும். மேய்ச்சல் நிலத்தில் முதல் ஐந்தாறு மாதம் முள்ளடைப்பு வேண்டும்.

சொல்வதும் கிடைப்பதும்

வேர் மூன்று நான்கு மீட்டர் இறங்கும் என்பது உண்மை. நல்ல ஆழமண்ணில், வெயிலில், ஓராண்டிலேயே மூன்று மீட்டரைத் தாண்டியதை அளந்திருக்கிறார்கள். வேரின் சராசரி இழுவிசை வலிமை 75 மெகாபாஸ்கல் என்பதும் அளந்து சொன்னதுதான், மென் எஃகில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. ஆனால் இந்த எண்களைக் குளக்கரையின் அடிவரிசைக்குப் பொருத்தக்கூடாது. நீர்மட்டம் உயரமாக இருக்கும் இடத்தில் வேர் அதற்குக் கீழே அவ்வளவாக இறங்காது. எனவே ஈரநிலத்தில் தண்ணீர் விளிம்பில் ஒரே வரிசை வைத்துக் கரையைக் கட்டிவிட்டோம் என்று இருக்க முடியாது. அலையடிக்கும் விளிம்பில் ஒன்று, கரையின் நடுவில் ஒன்று, தலையில் ஒன்று என்று வைத்தால்தான் மேல்வரிசைகளின் நீண்ட வேர் உடலைப் பிடிக்கும், அடிவரிசை அலையை உடைக்கும்.

வெள்ளம் தாங்குமா? முதிர்ந்த குத்து வாரக்கணக்கில் மூழ்கிக் கிடந்தும் தலைதூக்கும். வண்டல் படிந்தாலும் தண்டின் கணுவில் புதிதாக வேர்விட்டு மேலேறும். சரிவில் வரிசைக்கு மேற்பக்கம் மண் படிந்து படிந்து தானாகவே படிக்கட்டு உருவாவது இதனால்தான். இரண்டு மாதக் கன்று சேற்றுநீரில் முழுதும் மூழ்கினால் கதை வேறு, பெரும்பாலும் அழுகும். உப்பும் அப்படியே: மண்ணின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 8 டெசிசீமன்ஸ் வரை பெரிய இழப்பில்லை, ஆனால் நட்டு வேர்பிடிக்கும்வரை நல்ல தண்ணீர் வேண்டும்.

எதற்கு இது ஆகாது என்பதையும் விற்பவர் சொல்ல வேண்டும், சொல்வதில்லை. வேர் எட்டாத ஆழத்தில் வழுக்கும் மலைச்சரிவை இது நிறுத்தாது. அதற்கு வடிகாலும் சுவரும் வேண்டும், புல் மேல்தோலை மட்டும் பிடிக்கும். மரநிழல் மூடிய ஓடைக்கரைக்கு ஆகாது. நீலகிரி, பழனி மலைகளின் உச்சிப் புல்வெளியை மீட்கும் வேலைக்கும் இது பொருள் அல்ல. அங்கே இயல்பாக வளரும் குத்துப்புற்கள் வேறு. வெட்டிவேரின் சொந்தக்கார இனங்களே சில உண்டு, அவற்றின் நாற்றைத்தான் அங்கே வளர்த்து நட வேண்டும். ‘நாட்டுப்புல்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு கடலோரப் புல்லை ஆறாயிரம் அடிக்கு ஏற்றக்கூடாது.

‘கரையும் காக்கலாம், வேரும் விற்கலாம்’ என்ற விளம்பரத்தை மட்டும் நம்பாதீர்கள். வேரை எடுக்க வேண்டுமானால் அந்த இடத்தை முழுதாகத் தோண்ட வேண்டும். தோண்டிய கரை முதல் மழைக்குத் தாங்காது. வேருக்கு வேண்டுமென்றால் மணற்பாங்கான சமதரையில் தனிப்பாத்தி போடுங்கள். கரையிலிருப்பதில் இலையை மட்டும் எடுக்கலாம்: கூரைக்கு, மூடாக்குக்கு.

ஆக, வரப்புக்கும் வாய்க்காலுக்கும் அடி பார்த்து வாங்கிய கட்டு நாற்று. ஈரக்கரைக்கும் சிதைந்த சரிவுக்கும் பைக்கன்று. முந்நூறு மீட்டருக்கு மேல் வேலை இருக்கிறது, ஆறு மாதம் பொறுக்கலாம் என்றால் இரண்டுமே பெரிதாக வாங்க வேண்டாம். முந்நூற்றைம்பது நல்ல நாற்று மட்டும் வாங்கி, வெயில்படும் 20 சதுர மீட்டர் பாத்தியில் 25 சென்டிமீட்டர் இடைவெளியில் 320 குத்து வையுங்கள், மீதி முப்பது பாடுவாசிக்கு. இரண்டு மாதத்துக்கொருமுறை இலையை அறுத்து, தண்ணீர் தவறாமல் கொடுத்தால் குத்துக்குப் பத்துச் சிம்பு என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 3200 வரும். முதல் நூறு மீட்டர் அதில் முடியும். மிஞ்சும் தொள்ளாயிரத்தை அடுத்த பாத்திக்கு வைத்துக்கொள்ளலாம், அடி எங்கே வெட்டினார்கள் என்று யாரிடமும் கேட்க வேண்டியதும் இல்லை.